மங்களூரு எம்புட்டு தூரம்

மூணாற்றுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற ஊரின் டாக்சி ஸ்டாண்டில் மாரீஸ்வரனிடம் போய், "கொச்சி, நெடும்பாசேரி ஏர்ப்போர்ட்டுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால் உடனே பதில் வராது. எதிர்க்கேள்விதான் வரும். வயசானவங்க உண்டா? வளைவில் வாந்தி எடுக்கிற ஆள் உண்டா? காலைச் சாப்பாடு வீட்டிலா, வழியிலா? பிளேன் எத்தனை மணிக்கு? எல்லாம் கேட்டுவிட்டு, அண்ணாந்து மேகத்தை ஒரு தடவை பார்ப்பான். பிறகு, "நாலே முக்கால் மணி நேரம். அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தாப் போதும்" என்பான். பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். அதற்கு மேல் பிசகியதே இல்லை.

ஸ்டாண்டில் அவனுக்குப் பட்டப்பேர் பஞ்சாங்கம். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறான், அவன் வண்டியில் ஏறிய ஒருத்தரும் பிளேனைத் தவற விட்டதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்துத் தென்னந்தோப்புக்காரர் ஈஸ்வரமூர்த்தி ஒரு தடவை குடும்பத்தோடு மூணாறு பார்க்க வந்தவர், வெளிநாட்டு மகனை இவன் வண்டியிலேயே கோயம்புத்தூரில் பிளேன் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு இவன்மேல் அப்படியொரு நம்பிக்கை. அவர் வீட்டிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் ஒன்றரை மணி நேரம்தான். ஆனாலும் மகன் வந்துபோகும்போதெல்லாம் மலைமேல் இருக்கிற இவனுக்குப் போன் போட்டு, "ஏனுங்க தம்பி, நாளைக்கி எத்தன மணிக்குக் கெளம்புனாச் செரியா இருக்குமுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுவார். இவனும் சலிக்காமல் சொல்வான்.

இதெல்லாம் போன ஆடி மாதம் வரைக்கும். இப்போது யாராவது வந்து நேரம் கேட்டால், "மிக்கேலக் கேளுங்க, அவன் சொல்லுவான்" என்று பக்கத்து வண்டியைக் கைகாட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறான். என்ன நடந்தது என்று தெரியாத புது ஆட்கள் அவனுக்குத் திமிர் என்று நினைக்கிறார்கள்.

மாரீஸ்வரனின் அப்பா தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். இவனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா முத்துப்பேச்சி கொழுந்து கிள்ளுகிறவள். தங்கச்சி சிவசங்கரிக்கு அப்போது ஏழு வயது. அன்றிலிருந்து எஸ்டேட்டில் கொடுத்த அந்த லைன்வீட்டுக்கு ஆம்பளை இவன்தான். தங்கச்சியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் இவன், காய்ச்சல் வந்தால் முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் இவன். அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று இருந்தான். எஸ்டேட்டில் அண்ணன்மார் பலரும் அப்படித்தான் இருப்பார்கள், அதில் இவன் ஒருபடி கூடுதல்.

ஜிஜோ அடிமாலிப் பையன். இதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டினான். மாரீஸ்வரன்தான் அவனுக்கு மலைவளைவுகளைச் சொல்லிக்கொடுத்து, சொந்தமாக வண்டி வாங்க ஜாமீன் கையெழுத்தும் போட்டவன். வாரத்தில் நாலு நாள் ஜிஜோவுக்குச் சாப்பாடு முத்துப்பேச்சி கையால்தான். அவள் மத்திக் குழம்பு வைத்தால் அவனுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து மூடிவைப்பாள். அப்படி உண்ட வீட்டில்தான் அவனும் சிவசங்கரியும் ஒருத்தரையொருத்தர் விரும்பி, ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மங்களூருக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு ஓட்டலில் ஜிஜோவுக்கு டிரைவர் வேலை.

ஜிஜோ வேற மதம், வேற பாஷை என்பதெல்லாம் மாரீஸ்வரனுக்கு ரெண்டாம் பட்சம். ஸ்டாண்டில் இருந்த பதினான்கு டிரைவர்களுக்கும் இந்த விஷயம் ஒரு வருஷமாகத் தெரியும் என்பதும், தெரியாத ஒரே ஆள் தான்தான் என்பதும்தான் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பத்து நாள் கழித்து சங்கரி போன் செய்தபோது, "இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. அம்மா செத்தாலும் வரக் கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டான். கோபத்தில் வாயில் வருவதையெல்லாம் சொல்லிவிடலாம். சொன்ன சொல்லைப் பிறகு எங்கே கொண்டுபோய் வைப்பது?

முத்துப்பேச்சி அழவில்லை, சண்டை போடவில்லை. இரண்டு மாசம் பொறுத்திருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இவன் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருக்கும்போது, பால் விடாத கட்டன் சாயா டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏய்யா மாரி, மங்களூரு எம்புட்டு தூரம்யா?"

ஊரார் கேட்டால் நாலு எதிர்க்கேள்வி கேட்கிறவன், பெற்றவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டயரைத் தேய்த்தபடி, "ரெண்டு நாளு" என்றான்.

"ரெண்டு நாளா?"

"ஆமா. ரெண்டு நாளு."

"ம்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது பொய். மங்களூருக்கு அவன் மூன்று தடவை சவாரி போயிருக்கிறான். கருக்கலில் வண்டியை எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விடலாம். பாலக்காடு போய், கோழிக்கோடு, கண்ணூர் என்று கடலோரமாகவே ஏறினால் ஒரே பகல். இது அவனைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் ஒரு பகல் என்று சொன்னால் அடுத்து, "அப்ப ஒரு எட்டுப் போயிட்டு வருவமா?" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சே வரக்கூடாது என்று தூரத்தை இழுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி. அதே பதில். அதற்கடுத்த ஞாயிறும். மழையோ பனியோ, வண்டி கழுவ ஹோஸ் பைப்பை எடுத்தால் சாயா டம்ளரோடு அம்மா வந்து நிற்பாள். "மங்களூரு எம்புட்டு தூரம்யா?" என்பாள். சில நாள் கொஞ்சம் மாற்றி, "இப்பவும் ரெண்டு நாளுதானா?" என்பாள். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். ஆறு வருஷம். அதற்குள் சங்கரிக்கு நிமி என்று ஒரு பெண் குழந்தை பிறந்து, அதற்கு நாலு வயதும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு எப்சிபாவின் போனிலிருந்து அம்மா மகளோடு பேசுகிறாள் என்று அவனுக்கு அரசல் புரசலாகத் தெரியும். தெரியாதவன்போல இருந்துகொண்டான்.

போன வருஷம் பங்குனியில் முத்துப்பேச்சிக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். கிட்னி என்றார்கள். கோட்டயத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். ஆனி முடியும்போது டாக்டர் இவனைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் இவனுக்குத் தெரியும். இப்படிச் சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேரை இவனே வண்டியில் ஏற்றி வந்திருக்கிறான்.

அதற்கடுத்த ஞாயிறு. அம்மாவால் எழுந்து சாயா போட முடியவில்லை. இவனே போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தான். வீங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் அன்றைக்கும் கேட்டாள்.

"மங்களூரு எம்புட்டு தூரம்யா?"

ரெண்டு நாள் என்று சொல்ல அன்றைக்கு நாக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. ஆறு வருஷப் பொய்யை ஒரே மூச்சில் எப்படி இறக்கிவைப்பது? "ரோடெல்லாம் புதுசாப் போட்டுட்டாம்மா. இப்ப ஒன்றர நாள்ல போயிரலாம்" என்றான்.

முத்துப்பேச்சி சிரித்தாள். "ஒன்றர நாளா? நல்லதுய்யா" என்று அவன் கையைத் தடவினாள். இன்னும் ஒரு வாரம் போகட்டும், அடுத்த ஞாயிறு நானே சொல்லி, நானே போய்க் கூட்டி வந்துவிடுகிறேன் என்று மாரீஸ்வரன் மனசுக்குள் முடிவுசெய்தான். மலைப்பாதையில் பத்து நிமிடத்துக்கு மேல் பிசகாதவன் அம்மாவின் உயிரை ஒரு வாரம் கூட்டிப் போட்டுவிட்டான்.

வியாழக்கிழமை விடியலில் அவள் போய்விட்டாள்.

மூன்று நாளாக விடாத மழை. அடிமாலிக்குக் கீழே ரோட்டில் மண் இறங்கி, கொச்சிப் பாதை முந்தின நாளே அடைபட்டிருந்தது. மலைக்கு வர மிச்சமிருந்தது ஒரே வழி. பொள்ளாச்சி, உடுமலை வந்து, சின்னாறு காட்டுக்குள் ஏறி, மறையூர் வழியாக வர வேண்டும். அந்தக் காட்டுப்பாதையிலும் சாயங்காலம் ஆறு மணிக்கு வனத்துறைக்காரர்கள் கேட் போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள்.

அம்மாவின் கண்ணை மூடிவிட்டு, மாரீஸ்வரன் நேரே எப்சிபா வீட்டுக்குப் போனான். "சங்கரி நம்பரத் தாங்கக்கா" என்றான். எப்சிபா போனை எடுத்து நீட்டினாள்.

தங்கச்சி குரலைக் கேட்டு ஆறு வருஷம். இவன் "சங்கரி" என்றான், அந்த ஒற்றைச் சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழுத அழுகையில் போனை ஜிஜோ வாங்கினான்.

"சேட்டா, நான் இப்பவே வண்டி எடுக்கறேன். அஞ்சே முக்கால் ஆகுது. அடைக்கறதுக்கு முன்ன சின்னாறு கேட்டு கடந்துரலாம்."

மாரீஸ்வரன் மனசுக்குள் கணக்கு தானாகவே ஓடியது. பாலக்காடு இரண்டரை. கோபாலபுரம், பொள்ளாச்சி தாண்டி உடுமலை நாலரை. கேட்டுக்கு ஐந்தேகால். முக்கால் மணி நேரம் கையில் இருக்கும். ஜிஜோ சொல்வது சரிதான். இவன் கற்றுக்கொடுத்த கணக்குத்தானே அது.

ஆனால் அந்தக் கணக்கில் ஜிஜோவும் வருகிறான். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்கி, எல்லார் முன்னாலும் அம்மா தலைமாட்டில் வந்து நிற்பான். செத்த வீட்டிலும் மாரீஸ்வரனால் அதை ஏற்க முடியவில்லை. "இரு" என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து, மங்களூரு டு கோயம்புத்தூர் பிளேன் என்று தட்டினான். திரை உடனே காட்டியது. தூரம் முந்நூற்றுப் பதினாறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஐம்பத்து நான்கு நிமிடம்.

"கார் வேண்டாம்" என்றான். "அவளையும் பிள்ளையையும் பிளேன்ல ஏத்தி விட்டுரு. அம்பத்து நாலு நிமிஷந்தான். கோயம்புத்தூர்ல நம்ம மிக்கேல் வண்டியோட நிப்பான்."

ஜிஜோ கொஞ்சம் தயங்கினான். "நேரா அப்படியொரு பிளேன் உண்டா சேட்டா?"

"போன்லயே போட்டிருக்குடா. நான் சொல்றேன்ல."

நான் சொல்றேன்ல. அந்தச் சொல்லுக்கு ஜிஜோ எப்படி மறுபேச்சுப் பேசுவான்? பஞ்சாங்கம் சொன்னால் சொன்னதுதான் என்று பார்த்து வளர்ந்தவன். அதோடு ஆறு வருஷம் கழித்து அந்த மனுஷன் முதல் முதலாகப் பேசுகிறார், அதில் போய்த் தர்க்கம் பண்ணவும் அவனுக்கு மனசு வரவில்லை. "சரி சேட்டா" என்றான்.

ஆயிரம் தடவை விமான நிலையம் போனவன் மாரீஸ்வரன். ஆனால் ஒரு தடவையும் உள்ளே போனதில்லை. அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் அவன் கணக்கு. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, எது எங்கே போகிறது என்று தெரியாது. போனில் வந்த ஐம்பத்து நான்கு நிமிடம், இரண்டு ஊருக்கும் இடையே கோடு போட்டு அளந்த கணக்கு. காக்கை பறந்தால் எத்தனை நேரம் என்கிற மாதிரி. அந்த வழியில் அன்றைக்கு ஒரு பிளேனாவது ஓடுகிறதா என்று அது சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. வாந்தி எடுப்பார்களா என்று கேட்கிறவன், பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் விட்டான்.

ஏழு மணிக்குள் மாமன் பிச்சைமணி வந்துவிட்டார். முத்துப்பேச்சியின் தம்பி, பக்கத்து எஸ்டேட்டில் கங்காணியாக இருந்தவர். நனைந்த சட்டைக்குள்ளே காயாமல் பொத்திக் கொண்டுவந்த பிறந்த வீட்டுக் கோடியை அக்காவின் மேல் போர்த்தினார். மூணாற்றிலிருந்து ஐஸ் பெட்டியும் வந்தது. "புள்ள எப்ப வரும்?" என்று மாமன் கேட்டார்.

"பகல்ல கோயம்புத்தூர் எறங்கிருவா. அஞ்சு மணிக்கு இங்க இருப்பா மாமா."

"அப்ப அஞ்சரைக்கு எடுத்துருவோம். மக வாய்க்கரிசி போட்டுட்டாள்னா அக்கா நெஞ்சு ஆறிப்போகும்" என்றார் பிச்சைமணி. பஞ்சாங்கம் சொல்லிவிட்டது, லைன்வீடு முழுக்க அஞ்சரை என்று பரவியது. குழி வெட்டப் போனவர்களுக்கும் அஞ்சரை என்றே சொல்லி அனுப்பினார்கள்.

பத்து மணிக்குப் போன் வந்தது. விமான நிலையத்திலிருந்து சங்கரி.

"அண்ணே, அப்படிப் பிளேனே இல்லையாம்ணே. பெங்களூரு போயி, அங்க காத்துக்கெடந்து மாறி வரணுமாம். கோயம்புத்தூர் வர ராத்திரி ஏழாகுமாம். இவரு கார்லயே கூட்டிட்டு வாரேங்கறாரு. இப்பக் கெளம்புறோம்ணே. அம்மாவ வச்சிருங்கண்ணே. எடுத்துராதீங்கண்ணே."

"எடுக்க மாட்டேன் தாயி. நீ வா" என்றான்.

போனை வைத்ததும் மறுபடி கணக்கு ஓடியது. பத்து மணிக்கு எடுத்தால் சின்னாறு வர ஒன்பதரை. கேட் பூட்டியிருக்கும். ராத்திரி முழுக்கக் கேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்து, காலை ஆறுக்குத் திறந்து, எட்டரைக்கு இங்கே. அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இல்லாமல் இருந்ததுதான் அவனை வதைத்தது. காலையில் அவர்களைக் கிளம்பச் சொல்லியிருந்தால் இந்நேரம் கோழிக்கோட்டை நெருங்கியிருப்பார்கள்.

பரவாயில்லை, ஐஸ் பெட்டி இருக்கிறது, நாளைக் காலை வரைக்கும் வைத்துக்கொள்வோம் என்று மாமனிடம் சொன்னான். அவரும் சரி என்றார். ஒரு மணிக்கு மின்கம்பியில் மரம் விழுந்து கரண்டு போனது. மேலே மலையிலிருந்து பெரிய குழாய்களில் தண்ணீர் இறங்கி, கீழே பவர்ஹவுஸில் கரண்டு பிறக்கிற ஊர் பள்ளிவாசல். நாட்டுக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்துவிட்டு, அன்றைக்கு ஒரு ஐஸ் பெட்டியைக் குளிரவைக்க அந்த ஊரில் கரண்டு இல்லை.

மாரீஸ்வரன் ஜெனரேட்டர் தேடி மழையில் ஓடினான். ஓட்டல் ஓட்டலாகப் போனான். அவனவன் ஜெனரேட்டர் அவனவனுக்கே ஓடிக்கொண்டிருந்தது. மண்ணில் வீடு போனவர்களைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்று இருந்தது. வாசல் வரைக்கும் போனான். உள்ளே ஈரத் துணியோடு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. கேட்காமலே திரும்பிவிட்டான். மூணாறு முழுக்கச் சுற்றி ஒரு சாக்கு ஐஸ்கட்டி கிடைத்தது. அதைப் பெட்டிக்குள் அம்மாவைச் சுற்றி அடுக்கினான். மூன்று மணிக்கெல்லாம் தண்ணீராகிவிட்டது. வீடியோவிலாவது முகத்தைக் காட்டலாம் என்று போனை எடுத்தான். டவரும் அணைந்து, சிக்னல் செத்துப் போயிருந்தது.

நாலரை மணிக்கு பிச்சைமணி அவனைச் சுவரோரமாக அழைத்துப் போனார். "மாரி, நீர் கோத்த உடம்புய்யா. இதுக்கு மேல தாங்காது. பெத்தவளச் சீரழிய விடாத."

"காலையில எட்டரைக்கு வந்துருவா மாமா. இது தப்பாது மாமா."

பிச்சைமணி அவன் தோளில் கை வைத்தார். "காலையில நீ சொன்னதுக்கு இந்நேரம் அவ மறையூர் தாண்டியிருக்கணும்யா" என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கும் குரல் உடைந்திருந்தது.

மாரீஸ்வரன் தலையை ஆட்டினான். தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கு அன்று பொழுது சாய்வதற்குள் முறிந்தது. வாய்க்கரிசி போடும்போது, எப்சிபா தட்டிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள். அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, இந்தச் சடங்கெல்லாம் அவளுக்கு இல்லை. "இது சங்கரி பங்கு" என்று மட்டும் சொன்னாள். முகத்தை ஒரு போட்டோ எடு என்று யாரோ மாரீஸ்வரனிடம் சொன்னார்கள். எடுத்தான். மழையோடு மழையாக அஞ்சரை மணிக்கே எடுத்து, தேயிலைச் சரிவுக்கு மேலே கிராண்டிஸ் மரங்களுக்கு நடுவே இருக்கிற மயானத்தில் அடக்கினார்கள். காலையில் சொன்ன நேரம் மட்டும் அப்படியே பலித்தது.

மறுநாள் எட்டு இருபதுக்கு வண்டி வந்தது. ராத்திரி முழுக்கக் கேட்டுக்கு அந்தப் பக்கம் காருக்குள் கிடந்தவர்கள். சங்கரி இறங்கி வாசலைப் பார்த்தாள். கழுவிவிட்ட வாசல். அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எப்சிபா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஜிஜோ தூங்குகிற நிமியைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே நின்றான். வாசப்படியை மிதிக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மாரீஸ்வரன் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கினான். "உள்ள வாடா" என்றான். ஆறு வருஷமாக எதற்கு அவ்வளவு பெரிதாகப் பிடித்துவைத்திருந்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. ரெண்டு வார்த்தையில் முடிந்துபோகிற விஷயம்.

பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. பிச்சைமணி தடுக்கவில்லை. மாரீஸ்வரன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறினான். மழை வெறித்திருந்தது. புது மண் மேட்டில் முந்தின நாள் போட்ட பூமாலை மழையில் நைந்து கிடந்தது. சங்கரி எப்சிபா கொடுத்த முடிச்சை அவிழ்த்து, அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு தலைமாட்டு மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்தாள்.

அவன் போனை எடுத்து நீட்டினான். "மொகத்தப் பாக்கறியா தாயி? எடுத்து வச்சிருக்கேன்."

"வேண்டாம்ணே" என்றாள். "வீங்கியிருக்கும். எனக்கு அந்த மொகம் வேண்டாம்."

இருவரும் மண்மேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நேற்றைய தவறைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே அவனுக்குத் தாங்க முடியாமல் போனது. அதைவிடப் பழைய தவறு ஒன்று உள்ளே கிடந்து அறுத்தது. அம்மா தலைமாட்டில் சொல்லாமல் அதை இனி எங்கே போய்ச் சொல்வது?

"சங்கரி, அம்மா எங்கிட்ட வாரா வாரம் கேக்கும், மங்களூரு எம்புட்டு தூரம்னு. நான் ரெண்டு நாளுன்னு சொல்லிட்டேன். பொய் சொன்னேன் தாயி. அது உன்னப் பாக்க வராமப் போனதுக்கு நாந்தான் காரணம். அது பாவம், அம்புட்டுத் தூரம்னு நம்பிக்கிட்டே செத்துப்போச்சு."

சங்கரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"ஒரு பகல்தான்னு. மொத வாரமே எனக்குப் போன் பண்ணிச்சு, அண்ணன் ரெண்டு நாளுங்கறானேன்னு. நாந்தான் சொன்னேன், இல்லம்மா, கருக்கல்ல கெளம்புனா வெளக்கு வைக்க வந்துரலாம்னு."

"அப்புறம் ஏன் வாரா வாரம் எங்கிட்டக் கேட்டுச்சு?"

"கொறையுதான்னு பாக்கத்தான்" என்றாள் சங்கரி. "நான் சண்ட போடுவேன்ணே, ஏன் அண்ணன்கிட்ட நேராக் கேக்க மாட்டேங்கறன்னு. அது சொல்லும், அவன் மனசுல நீ இன்னும் ரெண்டு நாளு தூரத்துல இருக்க தாயி, அது தானாக் கொறையணும், நான் இழுத்துக் கொறைக்கக் கூடாதுன்னு."

கீழே லைன்வீட்டில் நிமி விழித்து அழுகிற சத்தமும், ஜிஜோ சமாதானம் செய்கிற சத்தமும் கேட்டன. சங்கரி கையில் ஒட்டியிருந்த கடைசி அரிசியை மண்மேல் தட்டிவிட்டாள்.

"போன ஞாயித்துக்கெழம போன் பண்ணிச்சுண்ணே. பேசக்கூட முடியல, ஆனா அப்படிச் சிரிச்சுச்சு. ஒன்றர நாளாயிருச்சு தாயி, இன்னும் அரை நாளுதான் பாக்கி, துணிமணியெல்லாம் எடுத்து வையின்னு சொல்லிச்சு. நானும் எடுத்து வச்சிருந்தேன்."